மேற்கே ஓடிய வெண்ணாறு: முப்பரிமாண ஆயத்தொலைவை எந்தத் தரவு வகையில் வைப்பது?

ஜூன் 12 மேட்டூர் திறக்கும் நாள் என்பது காவிரி டெல்டாவில் குழந்தைக்கும் தெரியும். அதற்கு முந்தைய கோடையில் வாய்க்கால் தூர்வாரும் வேலை நடக்கும். வேலை தொடங்குமுன் ஒரு தடவை, முடிந்தபின் ஒரு தடவை வாய்க்காலின் குறுக்குவெட்டை அளப்பார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் வெட்டி எடுத்த மண். இத்தனை கனமீட்டர் என்று கணக்கு வந்த பிறகுதான் பணம் கைக்கு வரும். ஆகவே அந்த எண் தப்பாக வந்தால் யாரோ ஒருவருக்குக் கூலி குறையும், அல்லது தூர் வாராத வாய்க்காலுக்குப் பில் போகும். இரண்டில் எது நடந்தாலும் அடி வாங்குவது கடைமடைக்காரர்தான்.

நீடாமங்கலம் வட்டாரத்தில் இந்த அளவை வேலையைச் செய்த ஒரு சிறு குழுவின் மென்பொருள் ஒரு பருவத்தில் விபரீதமான கணக்குகளைக் கொடுத்தது. காரணம் என்னவென்று பார்க்க என்னை அழைத்தார்கள். குழுவின் பெயரையும் அவர்களுக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தவர்களின் பெயரையும் விட்டுவிடுகிறேன். பிழை நடந்த விதத்தை மட்டும் விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் மூன்று எண்களை ஒரு ஸ்ட்ரக்டுக்குள் போட்டு அதற்குப் "புள்ளி" என்று பெயர் வைக்கும் எந்த நிரலிலும் இது நடக்கலாம்.

என்னென்ன தென்பட்டது

முதலில் கண்டுபிடித்தவர் நிரலர் அல்லர். மதகுகளைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கர் ஒருவர். அளவெடுத்த பையன் லேப்டாப்பில் நீள்வெட்டுப் படத்தைக் காட்டியபோது அவர் சொன்னாராம்: "தம்பி, வெண்ணாத்துத் தண்ணி கிழக்கதானே போவும்? இதுல மேக்க போவுதுன்னுல்ல கோடு போட்டிருக்கு." பையன், "இல்லண்ணே, மெஷின் எடுத்த அளவு அது" என்றிருக்கிறான். படத்தில் வாய்க்காலின் தரைமட்டம் கிழக்கே போகப் போக உயர்ந்துகொண்டே போனது. கடலை நோக்கி மேடேறும் வாய்க்கால்!

இரண்டாவது இன்னும் மோசம். சில இடங்களில் தூர்வாரிய பின் எடுத்த குறுக்குவெட்டில், வாய்க்கால் இருக்க வேண்டிய இடத்தில் வரப்பு மாதிரி ஒரு மேடு நின்றது. நிரல் அதை நம்பி, தூர்வாரியதால் மண் கூடியிருக்கிறது என்று கழித்தல் குறியோடு கன அளவு போட்டது.

மூன்றாவதுதான் என்னைத் தூங்கவிடாதது. நீடாமங்கலம் அருகே உள்ள மூணாறு தலைப்பில் வெண்ணாறு மூன்றாகப் பிரிகிறது. வெண்ணாறு கிழக்கே தொடர்கிறது, கோரையாறும் பாமணியாறும் தெற்கே இறங்குகின்றன. அந்த வட்டாரத்தில் தெற்கு நோக்கி ஓடும் வாய்க்கால்களின் கணக்கு கையால் போட்ட கணக்கோடு நன்றாகவே ஒத்துப்போனது. கிழக்கு நோக்கி ஓடும் வாய்க்கால்களில் மட்டும் எண்கள் தள்ளாடின. ஒரே கருவி, ஒரே ஆட்கள், ஒரே நிரல். ஓடும் திசையைப் பொறுத்து எப்படிப் பிழை வரும்?

நான்காவதாக, ஒரு கோப்பிலிருந்த மதகுகள் எல்லாம் வரைபடத்தில் ஆர்க்டிக் கடலில் போய் விழுந்திருந்தன. இதை முதலில் சொல்லி முடித்துவிடலாம். திருவாரூர் ஏறத்தாழ 10.77 பாகை வடக்கு, 79.64 பாகை கிழக்கு. இடம் மாற்றிப் படித்தால் 79.64 வடக்கு, 10.77 கிழக்கு. அது நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தின் வடமேற்கு ஓரம். அட்சரேகை, தீர்க்கரேகையில் இடம் குறிக்கும் முறைக்கான ஈபிஎஸ்ஜி 4326 என்ற குறியீட்டின் முறையான வரையறைப்படி அட்சரேகை முதலில் வரும். 2016இல் வெளியான, வரைபடத் தரவுக் கோப்புகளுக்கான ஜியோஜேசான் தரநிலையில் தீர்க்கரேகைதான் முதலில். கோப்பு எழுதியவர் ஒன்றைப் பின்பற்ற, படித்தவர் மற்றொன்றைப் பின்பற்றினார். கண்ணுக்குப் பளிச்சென்று தெரிவதால் இந்தப் பிழையால் சேதம் குறைவு. மற்ற மூன்றும் அப்படியல்ல.

மூன்று எண் கொண்ட பெட்டி

நிரலின் அடித்தளத்தில் இருந்த தரவு வகை இதுதான்: எக்ஸ், ஒய், இசட் என்று மூன்று 32 பிட் ஃப்ளோட் (தசம எண்ணை நான்கு பைட்டில் வைக்கும் வகை). இடம், திசை, இரண்டு இடங்களுக்கு இடையிலான வித்தியாசம், மதகின் தளமட்டம், திரையில் வரையும் முனை எல்லாவற்றுக்கும் அதே வகை. கூட்டல், கழித்தல், ஸ்கேலர் பெருக்கல் எல்லாம் எழுதி வைத்திருந்தார்கள். நிரலாகப் பார்த்தால் சுத்தமாக எழுதப்பட்டதுதான்.

ஆனால் மூன்று எண் மட்டும் ஓர் இடம் ஆகாது. "மூன்று மரக்கால் நெல்" என்றால் எந்த ஊர் மரக்கால், தலை தட்டியதா குவித்ததா என்று கேட்ட ஊர் இது. எங்கிருந்து அளந்தது, எந்தப் பக்கம் அளந்தது, எந்த அலகில், உயரம் எதற்கு மேலே என்ற நான்கும் தெரியாமல் எண் மட்டும் கையில் இருந்தால் அதைக் கொண்டு மண் வெட்ட முடியாது. அந்த நான்கில் ஒன்றுகூட இந்தப் பெட்டியில் இல்லை. எல்லாம் எழுதியவர்களின் நினைவில் இருந்தன. ஆள் மாறியதும் நினைவும் போய்விட்டது.

வாய்க்கால் வரப்பானது எப்படி

தூர்வாரும் முன் அளந்த குழுவின் ரோவர் (செயற்கைக்கோள் சமிக்ஞையைக் கொண்டு இடம் அளக்கும் கருவி), கடல்மட்டத்துக்கு மேல் உயரத்தைக் கொடுக்கும்படி அமைக்கப்பட்டிருந்தது. பின்னால் அளந்த குழு வேறொரு ரிசீவரை ஆண்ட்ராய்டு ஃபோனோடு இணைத்து, ஃபோனின் இருப்பிடச் சேவை வழியாக உயரத்தை வாங்கியது. ஆண்ட்ராய்டு அங்கே தரும் உயரம் கடல்மட்டத்துக்கு மேல் அல்ல, டபிள்யூஜிஎஸ் 84 எலிப்சாய்டுக்கு மேல். அதாவது பூமியை ஒழுங்கான, சற்றே நசுங்கிய கோளமாக வைத்து வரையறுத்த கணிதப் பரப்புக்கு மேல். கடல்மட்ட உயரத்தைத் தனியாகத் தரும் வசதி ஆண்ட்ராய்டு 14இல்தான் சேர்ந்தது. ஐபோனில் நேர்மாறு: வழக்கமான உயரம் கடல்மட்டத்துக்கு மேல், எலிப்சாய்டு உயரம் ஐஓஎஸ் 15இல் தனியாக வந்தது. ஒரே கரையில் ஒரு கையில் அதையும் மறு கையில் இதையும் வைத்துக்கொண்டு நின்றால் இரண்டும் வேறு வேறு உயரம் சொல்லும். இரண்டுமே சரி.

எவ்வளவு வேறு என்பதுதான் நம் ஊரின் சிறப்பு. உலகின் பல பகுதிகளில் இந்த வித்தியாசம் பத்து, முப்பது மீட்டர் என்ற அளவில் இருக்கும். ஆனால் பூமியின் ஈர்ப்புப் பரப்பு, அதாவது ஜியாய்டு, மிக ஆழமாகக் குழிந்திருக்கும் இடம் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது. அங்கே அது எலிப்சாய்டுக்கு 106 மீட்டர் கீழே. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வாளர்கள் அந்தக் குழிவுக்கு ஒரு விளக்கத்தை 2023இல் வெளியிட்டார்கள். நம் டெல்டா அந்தக் குழிவின் சரிவில் உட்கார்ந்திருக்கிறது. இங்கே கடல்மட்டமே எலிப்சாய்டுக்கு 90 மீட்டருக்கு மேல் கீழே கிடக்கிறது.

ஆகவே திருவாரூர்ப் பக்கத்து வயலில் நின்று எலிப்சாய்டு உயரத்தைக் கேட்டால் கழித்தல் எண்பதிலோ தொண்ணூறிலோ வரும். நிரலர் ஒருவர் இந்தக் கழித்தல் குறியைப் பார்த்திருக்கிறார். நிலம் கடலுக்குக் கீழே இருக்க முடியாது, கருவி ஏதோ குளறுகிறது என்று முடிவுகட்டி, உயரம் எதிர்மறையாக வந்தால் குறியை எடுத்துவிடும் ஒரு வரியைச் சேர்த்துவிட்டார். டெல்டாவை அறியாத ஒருவர் நல்லெண்ணத்தோடு எழுதிய வரி.

அந்த ஒரு வரி என்ன செய்தது பாருங்கள். இடைவெளி 94 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மேற்கே கடல்மட்டத்துக்கு மேல் 40 மீட்டரில் இருக்கும் இடத்தின் எலிப்சாய்டு உயரம் −54. கிழக்கே 5 மீட்டரில் இருக்கும் இடத்துக்கு −89. குறியை எடுத்தால் 54, 89. மேற்கு பள்ளமாகவும் கிழக்கு மேடாகவும் ஆகிவிட்டது. வெண்ணாறு மேற்கே ஓட ஆரம்பித்தது இப்படித்தான்.

குறுக்குவெட்டிலும் அதுவே. கரை −89 என்றால் அதைவிட ஒரு மீட்டர் ஆழமான தரை −90. குறி போனதும் கரை 89, தரை 90. வாய்க்கால் தலைகீழாகக் கவிழ்ந்து வரப்பாகிவிட்டது. இரண்டு அளவைகளுக்கும் இடையே எண்பது மீட்டருக்கு மேல் வித்தியாசம் இருக்கும்போது இது ஏன் உடனே கண்ணில் படவில்லை? அலுவலகத்தில் இருந்தவர்கள் அந்தப் பெரிய வித்தியாசத்தைப் பார்த்து, ஒவ்வொரு குறுக்குவெட்டின் முதல் புள்ளியையும் முந்தைய அளவையின் முதல் புள்ளியோடு ஒட்டவைக்கும் ஒரு திருத்தத்தைச் சேர்த்திருந்தார்கள். கரை கரையோடு பொருந்திவிட்டது. ஒரு மீட்டர் பள்ளம் ஒரு மீட்டர் மேடாகத் தெரிந்தது. வித்தியாசம் சிறியதாகி, நம்பத்தக்கதாகி, அறிக்கைக்குள் போய்விட்டது.

இதில் எனக்குப் பெரிய வருத்தம் ஒன்றுண்டு. கருவி எதையும் மறைக்கவில்லை. ரிசீவர்கள் வெளியிடும் ஜிஜிஏ என்ற வரியில் கடல்மட்டத்துக்கு மேல் உயரம் ஒரு புலத்திலும், ஜியாய்டு இடைவெளி இன்னொரு புலத்திலும் இருக்கும். இரண்டையும் கூட்டினால் எலிப்சாய்டு உயரம். சேமித்து வைத்திருந்த மூலப் பதிவுகளைத் திறந்து பார்த்தபோது வரிக்கு வரி அந்த இடைவெளி அங்கே இருந்தது. வாங்கிக்கொள்ளும் தரவு வகையில் மூன்று எண்ணுக்கு மேல் இடமில்லாததால் நிரல் அதை வாசலிலேயே கொட்டிவிட்டது.

குறியை எடுக்கும் வரியை நீக்கிவிட்டு, ஒட்டவைக்கும் திருத்தத்தை அப்படியே விட்டால் போதாதா என்று குழுவில் ஒருவர் கேட்டார். ஒரு குறுக்குவெட்டுக்குப் போதும். நீள்வெட்டுக்குப் போதாது. ஜியாய்டும் சமதளமாக இல்லை, ஊருக்கு ஊர் சிறிது சிறிதாக மாறும். கல்லணையிலிருந்து நாகப்பட்டினம் நேர்க்கோட்டில் 110 கி.மீ. இருக்கும். கீழ்டெல்டாவில் ஒரு கிலோமீட்டருக்கு நிலம் ஒரு முழம்கூட இறங்காத இடங்கள் நிறைய. மலைநாட்டில் கணக்கிலேயே வராத ஒரு சாய்வு இங்கே வாய்க்காலின் முழுச் சாய்வையும் விழுங்கிவிடும்.

திசை பார்த்து வந்த பிழை

இப்போது மூன்றாவது புதிர். பூமியைப் பட்டைகளாகப் பிரித்து இடத்தைக் கிழக்கு, வடக்கு மீட்டர்களில் எழுதும் முறை யூடிஎம். நிரல் அதன் 44ஆம் மண்டலத்தில் வேலை செய்தது. 78 முதல் 84 பாகை கிழக்கு வரையிலான அந்தப் பட்டையில் டெல்டா முழுதும் அடங்கும். நீடாமங்கலம் பக்கத்தில் கிழக்கு அளவு ஏறத்தாழ 3,27,000 மீட்டர். வடக்கு அளவு நிலநடுக்கோட்டிலிருந்து எண்ணுவதால் ஏறத்தாழ 11,93,000 மீட்டர்.

32 பிட் ஃப்ளோட்டில் எண்ணின் இலக்கங்களுக்கு 24 பிட்தான் கிடைக்கிறது. எண் பெரிதாகப் பெரிதாக அடுத்தடுத்து எழுதக்கூடிய இரண்டு எண்களுக்கு இடையிலான இடைவெளியும் பெரிதாகும். 2,62,144 முதல் 5,24,288 வரை அந்த இடைவெளி 3.125 செ.மீ. 10,48,576 முதல் 20,97,152 வரை அது 12.5 செ.மீ. அதாவது நம் வட்டாரத்தில் கிழக்கு அளவு மூன்று செ.மீ. படிகளில் நகர்கிறது, வடக்கு அளவு பன்னிரண்டரை செ.மீ. படிகளில் நகர்கிறது.

கிழக்கே ஓடும் வாய்க்காலைக் குறுக்கே வெட்டினால் வெட்டு வடக்கு தெற்காக அமையும். தெற்கே ஓடும் வாய்க்காலின் வெட்டு கிழக்கு மேற்காக அமையும். திசையில் இருந்த மர்மம் இவ்வளவுதான்.

ஒரு வெட்டை நெருங்கிப் பார்த்தேன். ரோவர் கரையின் சரிவில் எடுத்த நான்கு வடக்கு அளவுகள்: 1193512.340, 1193512.420, 1193512.430, 1193512.440. நிரலுக்குள் போனதும் முதல் மூன்றும் 1193512.375 ஆகிவிட்டன. நான்காவது 1193512.500. எட்டு செ.மீ. தள்ளி இருந்த இரண்டு புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்தன. ஒரு செ.மீ. தள்ளி இருந்தவை பன்னிரண்டரை செ.மீ. பிரிந்து போயின. உயரம் மட்டும் சரியாக இருந்ததால் சாய்வான கரை படிக்கட்டாகத் தெரிந்தது. நிலையாக நிறுத்திய இன்னொரு கருவியின் திருத்தத்தை உடனுக்குடன் வாங்கும் ஆர்டிகே முறையில் நல்ல வானம் இருந்தால் ரோவர் 1–2 செ.மீ. துல்லியம் தரும். அவ்வளவு பணம் போட்டு வாங்கிய துல்லியத்தை நான்கு பைட் மிச்சம் பிடிக்கப் போய் இழந்திருக்கிறார்கள்.

கன அளவில் இது எவ்வளவு? ஒரு பக்கச் சரிவு அதிகபட்சமாக 6.25 செ.மீ. நகரலாம். ஒரு மீட்டர் ஆழத்துக்கு அது 0.06 சதுர மீட்டர், இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் எதிரெதிராக நகர்ந்தால் 0.12. இரண்டு மீட்டர் அகலத் தரையில் 30 செ.மீ. வண்டல் எடுத்தால் வெட்டிய பரப்பு 0.6 சதுர மீட்டர்தான். ஆக, மோசமான வெட்டில் ஐந்தில் ஒரு பங்கு வரை பிழை. கையால் டேப் பிடித்து, ஆட்டோ லெவலில் ஸ்டாஃப் படித்து அளந்த பழைய முறைக்கு இந்தப் பிழை கிடையாது.

ஃப்ளோட் ஏன் வந்தது என்று தேடினேன். திரையில் வரையும் கிராபிக்ஸ் நூலகம் முனைகளை 32 பிட் ஃப்ளோட்டாகக் கேட்கிறது. வரைவதற்கு அது போதும். வரையும் வகையையே சேமிக்கும் வகையாகவும் எடுத்துக்கொண்டதில்தான் கோளாறு.

புதிய வகை

திருத்தி அமைத்தபோது கிடைமட்ட அளவை 64 பிட் டபுளாக மாற்றிவிட்டால் போதும் என்பது ஒரு வழி. இந்த அளவு எண்களில் டபுளின் இடைவெளி ஒரு மீட்டரின் நூறுகோடியில் ஒரு பங்குக்கும் குறைவு. நான் மில்லிமீட்டரில் முழு எண் என்ற வழியைத் தேர்ந்தேன். 32 பிட் முழு எண்ணில் 2147 கி.மீ. வரை மில்லிமீட்டரில் எழுதலாம். தமிழ்நாட்டின் வடக்கு எல்லைகூட ஏறத்தாழ 1500 கி.மீ.யில் முடிந்துவிடுகிறது. இது என் கண்டுபிடிப்பல்ல. லேசர் அளவைப் புள்ளிகளுக்கான லாஸ் கோப்பு வடிவமும் ஆயத்தொலைவை 32 பிட் முழு எண்ணாகவே வைத்து, அளவுக்காரணியையும் தொடக்க இடப்பெயர்வையும் கோப்பின் தலைப்பில் எழுதுகிறது. முழு எண்ணால் இன்னொரு நன்மையும் உண்டு. ஒரு மதகு இரண்டு வாய்க்கால் கோப்புகளில் வந்தால் இரண்டும் ஒரே இடம்தானா என்று சந்தேகமின்றி ஒப்பிடலாம், அகராதியில் சாவியாகவும் வைக்கலாம். ஃப்ளோட்டில் சமம் பார்ப்பது எப்போதும் கத்திமேல் நடைதான்.

வகைகளின் சுருக்கம் இது (சட்டகம் என்பது கிடைமட்ட அளவு எந்த முறையில் எடுத்தது, மட்டம் என்பது உயரம் எதற்கு மேலே):

இடம்⟨சட்டகம், மட்டம்⟩
— கிழக்கு: மி.மீ., முழு எண்
— வடக்கு: மி.மீ., முழு எண்
— உயரம்: உயரம்⟨மட்டம்⟩, அல்லது இல்லை

பெயர்ச்சி⟨சட்டகம், மட்டம்⟩
— இடம் − இடம் = பெயர்ச்சி
— இடம் + பெயர்ச்சி = இடம்
— இடம் + இடம்: தொகுப்பி (கம்பைலர்) மறுக்கும்

கடைசி வரி சிலருக்கு வீண் கெடுபிடியாகத் தோன்றியது. கும்பகோணத்தையும் மன்னார்குடியையும் கூட்டினால் எந்த ஊர் வரும்? எந்த ஊரும் வராது. கழித்தால் இங்கிருந்து அங்கே எவ்வளவு தூரம், எந்தத் திசை என்று வரும். சி++ மொழியின் குரோனோ நூலகம் நேரத்துக்கு இதே பிரிவினையைச் செய்கிறது: கடிகார நேரம் ஒரு வகை, கால அளவு வேறு வகை. இரண்டு இடங்களின் நடுப்புள்ளி வேண்டுமானால் முதல் இடத்தோடு பெயர்ச்சியின் பாதியைக் கூட்டிக்கொள்ளலாம். இந்தக் கெடுபிடி கணக்கிலும் உதவியது. பரப்பளவு காணப் பெருக்கும்போது முழு அளவில் இருக்கும் இரண்டு வடக்கு அளவுகளைப் பெருக்கினால் விடை பத்தின் 18ஆம் அடுக்கைத் தாண்டும். இப்படிச் சில பெருக்கல்களைக் கூட்டினாலே 64 பிட்டின் எல்லை வந்துவிடும். இடத்தைப் பெருக்கவே முடியாது, பெயர்ச்சியைத்தான் பெருக்கலாம் என்று வகை கட்டாயப்படுத்துவதால் முதலில் கழித்து எண்ணைச் சிறிதாக்கிய பிறகே பெருக்க முடிகிறது.

சட்டகம், மட்டம் என்ற இரண்டும் தொகுக்கும் நேரத்தில் மட்டும் இருக்கும் பெயர்கள். ஓடும்போது ஒரு பைட்டும் எடுப்பதில்லை. எலிப்சாய்டு மட்டத்தில் உள்ள இடத்தைக் கடல்மட்டத்தில் உள்ளதிலிருந்து கழிக்க முயன்றால் நிரல் தொகுக்கவே தொகுக்காது. ஜியாய்டு மாதிரியைக் கையில் வாங்கிக்கொண்டு மாற்றித் தரும் ஒரே ஒரு செயல்கூறு வழியாகத்தான் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக முடியும். ரஸ்ட், சி++, ஹாஸ்கெல் போன்ற மொழிகளில் இது எளிது. பைத்தானில் எழுதுபவர்கள் வகைச் சரிபார்ப்புக் கருவியை நம்ப வேண்டும், அல்லது மட்டத்தை ஒரு புலமாகவே சுமந்து ஒவ்வொரு கழித்தலிலும் சோதிக்க வேண்டும்.

"அல்லது இல்லை" என்பதைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய நிரலில் உயரம் கிடைக்காவிட்டால் 0 என்று போட்டிருந்தார்கள். கொடைக்கானலில் 0 மீட்டர் என்று ஒரு புள்ளி வந்தால் சின்னப் பையன்கூடப் பிழை என்பான். வேதாரண்யத்திலும் நாகப்பட்டினத்திலும் 0 என்பது நியாயமான உயரம். இல்லாத தகவல் அங்கே உண்மையான தகவலைப் போல வேடமிட்டு உட்கார்ந்துவிடும். ஆகவே கடற்கரைச் சமவெளியில் வேலை செய்யும் எந்த நிரலும் 0வை "தெரியாது" என்பதற்குப் பயன்படுத்தக் கூடாது.

வாசலில் காவல்

நிரலுக்குள் வகை காவல் காக்கும். கோப்பும் தரவுத்தளமும் வகையை அறியாது. தரவுத்தளம் போஸ்ட்ஜிஸ், இடத் தகவல்களைச் சேமிப்பதற்கானது. அதில் அட்டவணையின் ஒரு பத்தியை முப்பரிமாணப் புள்ளி, ஈபிஎஸ்ஜி 32644 என்று அறிவிக்கலாம். பரிமாணமோ குறியீடோ வேறாக இருந்தால் அது உள்ளே விடாது. ஆனால் 32644 கிடைமட்டத்துக்கான குறியீடு மட்டுமே, இசட் எதற்கு மேலே என்று அது சொல்லாது. எனவே மட்டத்துக்குத் தனிப் பத்தி சேர்த்தோம், காலியாக விட முடியாதபடி. எலிப்சாய்டு என்று குறித்த வரிசையில் உயரம் நேர்மறையாக இருந்தால், கீழ்டெல்டாப் புள்ளியாக இருக்கும்பட்சத்தில், எச்சரிக்கை எழும். பழைய நிரல் கழித்தல் குறியைச் சந்தேகித்தது. இங்கே சந்தேகிக்க வேண்டியது கூட்டல் குறியைத்தான்.

போஸ்ட்ஜிஸில் இன்னொரு பள்ளமும் உண்டு. எஸ்டி_டிஸ்டன்ஸ் என்ற செயல்கூறு முப்பரிமாணப் புள்ளிகளைக் கொடுத்தாலும் உயரத்தைக் கண்டுகொள்ளாமல் கிடைமட்டத் தூரத்தையே தரும். உயரமும் சேர்ந்த தூரத்துக்கு எஸ்டி_3டிடிஸ்டன்ஸ் வேண்டும். பத்தியில் மூன்று எண் இருக்கிறது என்பதால் கணக்கிலும் மூன்று இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. வரையும் வாசலில் மட்டும் ஃப்ளோட் மிஞ்சியது. அங்கேயும் திரையின் நடுப்புள்ளியைக் கழித்த பெயர்ச்சியைத்தான் அனுப்புகிறோம். எண் சில ஆயிரம் மீட்டருக்குள் இருப்பதால் படிக்கட்டு தெரிவதில்லை.

மூலப் பதிவுகள் கெடாமல் இருந்ததால் அந்தப் பருவத்தின் அளவைகளைப் புதிய நிரலில் மறுபடி ஓட்ட முடிந்தது. கவிழ்ந்த வாய்க்கால்கள் நிமிர்ந்தன. கிழக்கு வாய்க்கால்களின் கணக்கும் தெற்கு வாய்க்கால்களைப் போல டேப் கணக்கோடு பொருந்தியது. எந்தத் திட்டத்திலும் கருவி உமிழும் மூல வரியை அழிக்காதீர்கள் என்று நான் கெஞ்சுவது இதனால்தான்.

பழைய ஏடுகள்

இன்னும் மீதி இருப்பவை பழைய வரைபடங்களும் பதிவேடுகளும். வரைபடங்கள் இந்தியப் பழைய அளவைக்கான எவரெஸ்ட் எலிப்சாய்டை அடிப்படையாகக் கொண்டவை. அந்த அளவையின் வேர் இந்த மண்ணிலும் இருக்கிறது. மரங்கள் மறைக்கும் தட்டையான டெல்டாவில் தொலைநோக்கு எட்ட உயரம் வேண்டியிருந்ததால் பிரிட்டிஷ் அளவையாளர் வில்லியம் லாம்ப்டன் கோயில் கோபுரங்களின் மேல் கருவியை ஏற்றினார். 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் கோணம் அளக்கும், அரை டன் எடையுள்ள தியோடலைட்டை ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி சுவரில் மோதி நசுங்கியது. அதை அவரே உட்கார்ந்து சீர்செய்து மீண்டும் அளந்தார். அந்த வழியில் வந்த பாகை அளவுகளை டபிள்யூஜிஎஸ் 84 என்று நினைத்து அப்படியே ஏற்றினால் மதகு நூறு மீட்டருக்கு மேல் தள்ளிப் போய் வயலில் நிற்கும். அவற்றுக்குத் தனிச் சட்டகப் பெயர் கொடுத்துவிட்டோம். முறையான மாற்றம் இல்லாமல் அவை புதியவற்றோடு கலக்காது.

மதகுப் பதிவேடு இன்னும் சிக்கல். தளமட்டங்கள் அடியில் எழுதப்பட்டவை, ஒவ்வொன்றும் அருகிலுள்ள உயரத்துக்கு ஆதாரமான ஏதோ ஒரு பெஞ்ச்மார்க் கல்லிலிருந்து அளந்தது. சில கற்கள் கரை அகலப்படுத்தியபோது போய்விட்டன. இவற்றை 0.3048ஆல் பெருக்கி மீட்டராக்கிவிடலாம், ஆனால் கடல்மட்டமாக்க வழியில்லை. எனவே "உள்ளூர்மட்டம்" என்று கல்லின் அடையாளத்தோடு ஒரு வகை வைத்தோம். ஒரே கல்லைச் சேர்ந்த இரண்டு மட்டங்களைக் கழிக்கலாம். வேறு கல்லோடு சேர்க்க முயன்றால் நிரல் மறுக்கும். எந்தக் கல் எந்த மதகின் இறக்கைச் சுவரோரம் இருந்தது என்பது இப்போது அந்த லஸ்கருக்கும் அவர் வயதுக்காரர்கள் சிலருக்கும்தான் தெரியும். ஜனவரி 28இல் மேட்டூர் மூடி வாய்க்கால் வற்றியதும் அவர்களைக் கூட்டிக்கொண்டு போய், மிஞ்சிய கற்களின்மேல் ரோவரை வைத்து இணைப்பளவு எடுப்பதாக இருக்கிறது. அளந்த கல்லின் மதகுகள் மட்டும் கடல்மட்ட வகைக்கு மாறும், மற்றவை உள்ளூர்மட்டமாகவே பதிவேட்டில் இருக்கும்.